பெஞ்ச்ல இருந்து இறங்கி முதல் பந்தையே உள்ள போடுறது எப்படி: காலேஜ் பாஸ்கெட்பால் ரிசர்வ் ஷூட்டர்களுக்கு

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல ரிசர்வ் ஷூட்டிங் கார்டுன்னா (பெஞ்ச்ல இருந்து மாத்தா இறங்கி, தூரத்துல இருந்து ஷாட் போடுறவர்) என்ன வேலைன்னு முதல்ல தெளிவா தெரிஞ்சுக்கணும். மேட்ச் மொத்தம் 40 நிமிஷம், அதுல உங்களுக்கு ஒரு 10, 12 நிமிஷம் கிடைக்கும், சில நாள் நாலு நிமிஷம்தான், அதுக்குள்ள மூணு நாலு த்ரீ (லைனுக்கு வெளிய இருந்து போடுற மூணு பாயின்ட் ஷாட்) போட சான்ஸ் வரும், அவ்ளோதான். கிரிக்கெட்ல கடைசி ரெண்டு ஓவருக்கு இறங்குற பேட்ஸ்மேன் மாதிரி, செட் ஆகுறதுக்கு டைமே கிடையாது. ஹைஸ்கூல்ல டீமோட ஸ்டாரா இருந்துட்டு வர்றவங்களுக்கு இதை ஜீரணிக்கிறதுதான் ரொம்ப கஷ்டம், ஏன்னா அங்க முதல் நாலு ஷாட் மிஸ் ஆனாலும் அஞ்சாவது ஷாட்டும் உங்களுக்குத்தான், இங்க ரெண்டு மிஸ் ஆகி டிஃபன்ஸ்லயும் ஒரு தப்பு நடந்தா ஆள் மாத்த அடிக்கிற அடுத்த ஹார்ன்லயே உங்களை வெளிய கூப்பிட்டுருவாங்க. அதனால பிராக்டிஸ் எல்லாத்தையும் அந்த முதல் ஷாட்டை வச்சே திட்டம் போடுங்க.

லைன்ல இருந்து ஆரம்பிப்போம். 1986-87 சீசன்ல என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு) த்ரீ பாயின்ட் லைன் கொண்டு வந்தப்ப தூரம் 19 அடி 9 அங்குலம். 2008-09ல ஆண்களுக்கு ஒரு அடி பின்னாடி தள்ளுனாங்க, 2019-20ல சர்வதேச தூரமான 22 அடி 1¾ அங்குலத்துக்கே கொண்டு போயிட்டாங்க, பெண்களுக்கு 2021-22ல இருந்து அதே தூரம். பழைய காலேஜ் ஷூட்டர்களோட சதவீதத்தை இப்ப உள்ளவங்களோட ஒப்பிடுறப்ப இதை மறந்துட்டு பேசுறவங்கதான் நெட்ல பாதிப் பேர். கார்னர்ல மட்டும் தூரம் கொஞ்சம் குறைவு, 21 அடி 8 அங்குலத்துக்கு ஒரு நூல் கம்மி. ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, கோர்ட்டோட அகலம் 50 அடி, கணக்குப் போட்டா கார்னர்ல லைனுக்கும் சைட்லைனுக்கும் நடுவுல உங்களுக்குக் கிடைக்கிறது சுமாரா மூணேகால் அடி. அந்த இடத்துக்குள்ள ஓடி வந்து, திரும்பி, பெரிய சைஸ் ஷூ போட்ட ரெண்டு காலையும் வச்சு குதிக்கணும். குதிகால் வெளிய பட்டா பந்து எதிரணிக்கு, நுனிவிரல் லைன்ல பட்டா த்ரீ ரெண்டா ஆயிரும். அதனால கார்னர் ஷாட் பழகுறப்ப நின்ன இடத்துல நின்னு போடாதீங்க, பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னாடி இருக்கிற எல்லைக்கோடு) ஓரமா ஓடி வந்து நின்னு போடுங்க, கீழ பாக்காமலே காலுக்கு இடம் தெரியணும்.

கோச் எதுக்கு உங்களுக்கு இடம் குடுக்கிறார்னா அது வெறும் கணக்கு. த்ரீல மூணுக்கு ஒண்ணு விழுந்தாலே ரெண்டு பாயின்ட் ஷாட்ல பாதி விழுந்ததுக்கு சமம். 40 சதவீதம் போட்டா ஒரு ஷாட்டுக்கு 1.2 பாயின்ட், அது எந்த கோச்சும் வேண்டாம்னு சொல்லாத விஷயம். அதுவும் போக, நீங்க சும்மா மூலையில நின்னாலே உங்களைக் காக்குறவன் உங்களை விட்டுட்டு உள்ள போக பயப்படுவான், உங்க டீம் பிக் மேனுக்கு (வளையத்துக்குப் பக்கத்துல ஆடுற உயரமான ஆள்) உள்ள இடம் கிடைக்கும். பந்தே தொடாம டீமுக்கு உதவுறீங்க, ஸ்கோர்ஷீட்ல மட்டும் அது எங்கயும் வராது.

ஷாட்டோட டெக்னிக் பத்தி நிறைய பேசமாட்டேன், காலேஜ் வரைக்கும் வந்துட்டீங்கன்னா கையில ஷாட் இருக்கும், அதை மாத்துறது ஆபத்து. ரெண்டே விஷயம். ஒண்ணு, பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கிறது: முழங்கால் மடங்கியிருக்கணும், ரெண்டு கையும் நெஞ்சுக்கு நேரா விரல் விரிச்சு இருக்கணும், பாஸ் காத்துல இருக்கிறப்பவே கால் தரையில இறங்கிட்டு இருக்கணும். பந்தை வாங்கிட்டு அப்புறம் மடங்குனீங்கன்னா அந்த அரை செகண்ட்ல டிஃபண்டர் கை மூஞ்சிக்கு முன்னாடி வந்துரும். ரெண்டு, வளையத்தோட விட்டம் 18 அங்குலம், பந்தோட விட்டம் ஒன்பதரை அங்குலத்துக்குள்ள, மேல இருந்து பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு பந்து போற அளவு இடம் இருக்கு, ஆனா தட்டையா எறிஞ்சா பந்து பாக்குற இடம் சுருங்கிப் போகும், அதனால உயரமா விடுங்க. மிஸ் ஆனா எந்தப் பக்கம் மிஸ் ஆச்சுன்னு கவனிங்க. நேரா போய் முன் ரிம்ல அடிச்சா கால்ல சத்து போயிருச்சுன்னு அர்த்தம், ஷாட்ல கோளாறு இல்ல. இடது வலதுன்னு போனாத்தான் கையைப் பாக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம். பெரும்பாலான பசங்க ஜிம்முக்குப் போய் ஒரே மூச்சுல முன்னூறு ஷாட் போடுறாங்க, அம்பதாவதுக்கு மேல உடம்பு சூடாகி வரிசையா விழும், வீடியோ எடுத்து போட்டா லைக்ஸ் வரும், ஆனா மேட்ச்ல உங்களுக்கு அம்பதாவது ஷாட்டே கிடையாது. அதனால வாரத்துல சில நாள் இப்படிப் பண்ணுங்க: நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு ஒரு நாற்காலி போட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க, வியர்வை காயட்டும். அப்புறம் எழுந்து நடு கோர்ட்டுக்கு ஓடி, திரும்பி டிஃபன்ஸ் ஸ்லைடு (குனிஞ்சு பக்கவாட்டுல நகர்றது) ரெண்டு மூணு போட்டு, மறுபடி கார்னருக்கு ஓடி, பாஸ் வாங்கி ஒரே ஒரு ஷாட். விழுந்தாலும் விழலைன்னாலும் திரும்பப் போய் உக்காருங்க. நோட்டுல அந்த முதல் ஷாட்டை மட்டும் எழுதுங்க. போரடிக்கும், நம்பர் பாக்கவும் அசிங்கமா இருக்கும், ஜிம்ல 70 சதவீதம் போடுறவங்க இதுல 40க்கு வந்துருவாங்க. அந்த 40 தான் உங்க நிஜமான நம்பர், அதை ஏத்துறதுதான் வேலை.

பெஞ்ச்ல உக்காந்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான். சாஞ்சு உக்காராதீங்க, இடுப்பு இறுகிரும். எதிரணில யார் க்ளோஸ்-அவுட்ல (ஷூட்டரைத் தடுக்க ஓடி வர்றது) கையைத் தூக்கிட்டு பறந்து வர்றான், யார் பாதியில நின்னுர்றான், யார் பந்தையே பாத்துட்டு தன் ஆளை மறக்குறான்னு பாருங்க, அந்த மறக்குறவன்தான் உங்க த்ரீ. பவுல் எத்தனைன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஆண்கள் ஆட்டத்துல ஒரு பாதியில ஏழாவது டீம் பவுல்ல இருந்து எதிரணிக்கு ஒன்-அண்ட்-ஒன் (முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தாத்தான் ரெண்டாவது), பத்தாவதுல இருந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ, இது தெரியாம உள்ள போய் முதல் நிமிஷத்துலயே சில்லறை பவுல் பண்ணா கோச் முகம் எப்படி மாறும்னு சொல்லத் தேவையில்ல. உள்ள போறப்ப வெளிய வர்றவர்கிட்ட யாரை காக்குறதுன்னு கேட்டுட்டு போங்க, அவர் கை காட்டுவார், அந்த ஒரு செகண்ட்ல கேக்காம விட்டாத்தான் எதிரணிக்கு ஈஸி லே-அப் கிடைக்கும்.

2013 ஏப்ரல் 8, அட்லாண்டா, லூயிவில் மிச்சிகன் என்சிஏஏ ஃபைனலை முழுசா ஒரு தடவை பாருங்க, இந்த வேலைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மிச்சிகனோட ஸ்டார் ட்ரே பர்க் முதல் பாதியிலயே ரெண்டு பவுல் வாங்கி வெளிய போக, ஸ்பைக் ஆல்ப்ரெக்ட்னு ஒரு முதல் வருஷ கார்டு, சீசன் சராசரி ரெண்டு பாயின்ட்கூட கிடையாது, உள்ள வந்து அந்தப் பாதியில மட்டும் 17 பாயின்ட், நாலுக்கு நாலு த்ரீ. மிச்சிகன் 12 பாயின்ட் லீட். அதுக்குப் பதில் சொன்னதும் ஒரு பெஞ்ச் ஆள்தான், லூயிவில்லோட லூக் ஹேன்காக், வரிசையா நாலு த்ரீ போட்டு ஆட்டத்தையே திருப்பிட்டார். கடைசில 82-76, லூயிவில் ஜெயிச்சது, ஹேன்காக் அஞ்சுக்கு அஞ்சு த்ரீயோட 22 பாயின்ட், பெஞ்ச்ல இருந்து வந்து ஃபைனல் ஃபோரோட (கடைசி நாலு டீம் ஆடுற கட்டம்) சிறந்த ஆட்டக்காரரானது அவர்தான் முதல் ஆள். அந்தக் கோப்பையை பின்னாடி என்சிஏஏ ரத்து பண்ணிருச்சு, அது வேற கதை.

ஆனா அதுல நீங்க கவனிக்க வேண்டியது ஆல்ப்ரெக்டோட ரெண்டாவது பாதி. ஒரு பாயின்ட்கூட இல்ல. அவருக்கு ஒண்ணும் ஆகல, லூயிவில் அவரை இனி விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிருச்சு, பர்க்கும் திரும்ப வந்துட்டார். ரெண்டு த்ரீ விழுந்ததும் உங்களுக்கும் இதேதான் நடக்கும், டிஃபண்டர் உங்க பனியன்ல ஒட்டிப்பான். அப்ப மூணாவதை வலுக்கட்டாயமா போடாதீங்க. ஷாட் ஃபேக் (போடுற மாதிரி பாவனை) காட்டுங்க, அவன் பறந்து போவான், பந்தை ஒரே ஒரு தட்டு தட்டி உள்ள போய் பக்கத்து ஆளுக்கு பாஸ். ஸ்க்ரீனைச் (உங்க டிஃபண்டரை மறிச்சு நிக்கிற டீம்மேட்) சுத்தி ஓடுறப்ப அவன் பின்னாடியே ஒட்டி வந்தா ரிம்மை நோக்கி வளைஞ்சு போங்க, ஸ்க்ரீனுக்கு அடியில குறுக்கு வழியில வந்தா கார்னர் பக்கம் விலகி நில்லுங்க. இதை பார்த்து முடிவு பண்ணணும், முன்கூட்டியே மனசுல முடிவு பண்ணிட்டு ஓடுனா பாதி நேரம் தப்பாதான் போகும். இன்னொண்ணு, டீம்மேட் உள்ள ட்ரைவ் பண்றப்ப நீங்க அதே இடத்துல சிலை மாதிரி நிக்காதீங்க, அவர் கண்ணுக்குத் தெரியிற இடத்துக்கு ரெண்டடி நகருங்க. அஃபன்ஸ் ரீபவுண்ட் எடுத்து வெளிய தள்ளுற பாஸ்தான் ஆட்டத்துலயே ஈஸியான த்ரீ, அந்த நேரத்துல எல்லாரும் ரிம்மையே பாத்துட்டு இருப்பாங்க.

டிஃபன்ஸ். இங்கதான் முக்கால்வாசி ஷூட்டர்களோட கரியர் முடியுது. நீங்க உள்ள வந்ததுமே எதிரணி கோச் கை காட்டி நீங்க காக்குற ஆளை வச்சு ஸ்க்ரீன் வைக்கச் சொல்லுவார், அவங்க பெஸ்ட் ஆள் உங்க முன்னாடி வந்து நிப்பான். நீங்க அவனை முழுசா நிறுத்தணும்னு யாரும் எதிர்பார்க்கல, அவன் சுலபமா உங்களைத் தாண்டாம இருந்தா போதும், உங்க டீம் ஆள் உதவிக்கு வர்ற பக்கமா அவனைத் தள்ளுங்க, கையை நீட்டாதீங்க, ஷாட் போனதும் உங்க ஆளை முதுகால தடுத்து வைங்க. 2018 ஃபைனல்ல வில்லனோவாவோட டான்டே டிவின்சென்சோ பெஞ்ச்ல இருந்து வந்து மிச்சிகனுக்கு எதிரா 31 பாயின்ட் எடுத்ததைத்தான் எல்லாரும் பேசுவாங்க, அவர் அதே மேட்ச்ல ரெண்டு ப்ளாக்கும் பண்ணார், ரெண்டு பக்கமும் ஆடுனதாலதான் அவ்ளோ நேரம் கோர்ட்ல இருக்க முடிஞ்சது.

சரி, ஷாட் விழாத வாரங்கள். 40 சதவீதம் போடுற ஒருத்தர் மேட்சுக்கு மூணு ஷாட் எடுத்தா, சராசரியா அஞ்சு மேட்ச்ல ஒண்ணுல மூணும் மிஸ் ஆகும், அதுவும் எல்லாம் சரியா பண்ணாலே. இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஒவ்வொரு 0/3க்கும் ஷாட்டை மாத்த ஓடமாட்டீங்க. ஓப்பனா இருந்தும் போடாம பந்தைத் திருப்பிக் குடுக்கிறதுதான் நிஜமான பிரச்சனை, அதைப் பண்ணா கோச் கண்டிப்பா எடுத்துருவார், மிஸ்ஸுக்குக்கூட அவ்ளோ சீக்கிரம் எடுக்கமாட்டார்.

ரெண்டாவது வருஷமும் அதே நாலு நிமிஷம்தான்னா கோச்சோட தனியா உக்காந்து பேசுங்க. "ஏன் என்னை இறக்கல"ன்னு ஆரம்பிக்காதீங்க, "இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைக்க நான் எதைச் சரி பண்ணணும்"னு கேளுங்க, பதில் மழுப்பலா இருந்தா அதுவே பதில். அப்பா அம்மாவை விட்டு போன் பண்ண வைக்காதீங்க ப்ளீஸ். 2018 அக்டோபர்ல இருந்து ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேற காலேஜுக்கு மாற பேர் பதியிற ஆன்லைன் பட்டியல்) இருக்கு, 2021ல இருந்து முதல் தடவை மாறுறவங்க ஒரு வருஷம் வெளிய உக்காரவும் தேவையில்லாம போச்சு, அதனால இப்ப மாறுறது சுலபம், ஆனா புது டீம்ல உங்களுக்கு பந்து தள்ளுற பாயின்ட் கார்டு யாருன்னு பாக்காம மாறாதீங்க, நல்ல பாஸர் இல்லாத டீம்ல ஷூட்டர் பட்டினிதான். டங்கன் ராபின்சன் மூணாவது டிவிஷன் வில்லியம்ஸ்ல இருந்து மிச்சிகனுக்கு மாறி, கடைசி வருஷம் பெஞ்ச்ல இருந்து இறங்கி பிக் டென்னோட (மிச்சிகன் ஆடுற காலேஜ் லீக்) சிக்ஸ்த் மேன் (சிறந்த பெஞ்ச் ஆள்) அவார்டு வாங்கி, என்பிஏ ட்ராஃப்ட்ல (ப்ரோ டீம்கள் ஆள் எடுக்கிற தேர்வு) யாரும் எடுக்காம, அப்புறம் என்பிஏ டீம் மயாமில ஃபைனல்ஸ் வரைக்கும் ஆடுனார்.

ப்ரோ கனவு இருந்தா, அமெரிக்காவுலயோ ஐரோப்பாவுலயோ, க்ளிப் அனுப்புறப்ப விழுந்த த்ரீயா மட்டும் அடுக்காதீங்க, அது எல்லார்கிட்டயும் இருக்கு. பெஞ்ச்ல இருந்து இறங்குன முதல் ரெண்டு நிமிஷத்தை வெட்டாம அப்படியே நாலஞ்சு மேட்ச்ல இருந்து எடுத்துப் போடுங்க, ஸ்க்ரீன்ல மாட்டாம வெளிய வந்தது, க்ளோஸ்-அவுட்ல தாண்ட விடாம நின்னது, மிஸ் ஆன ஷாட்டுக்கு அப்புறம் திரும்பி ஓடுனது எல்லாம் அதுல தெரியட்டும்.