ரயில் கால அட்டவணையை வைத்து ஓர் ஆங்கிலப் பாடம்

ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்ல, வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொல்வதுதான் 1960களில் நம் பள்ளிகளின் ஆங்கிலப் பாடம். அதற்கு மாற்றாக, 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியலே இல்லை; யோசித்துச் செய்து முடிக்கவேண்டிய வேலைகள் மட்டும். ரயில் அட்டவணை அவற்றில் ஒன்று. 8ஆம் வகுப்பில் இன்றும் எடுபடும்.

நான்கு நிலையங்கள், ஐந்து ரயில்கள், புறப்படும் நேரம், சேரும் நேரம். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதுங்கள். கற்பனை அட்டவணையே போதும். முதல் 20 நிமிடம் எல்லாம் வாய்மொழிதான், அதுவும் ஆங்கிலத்தில். "முதலில் கிளம்பும் ரயில் எது?" என்று தொடங்கி, "11 மணிக்கு விழுப்புரத்தில் கூட்டம், எந்த ரயிலில் ஏறவேண்டும்? அடுத்த ரயில் ஏன் சரிப்படாது?" என்பதுவரை போங்கள். நேரத்தைப் பார்த்து வாசித்தாலே விடை வந்துவிடும் கேள்விகள் வீண். இரண்டு தகவல்களைச் சேர்த்தால்தான் விடை வரவேண்டும்.

பிள்ளை திணறினால் தமிழுக்குத் தாவாதீர்கள், கேள்வியை இரண்டாக உடையுங்கள். "தேர்ட் ட்ரெயின் நோ, லேட்" என்றால் அது சரியான விடை. "யெஸ், தி தேர்ட் ட்ரெயின் இஸ் டூ லேட்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். அங்கே நிறுத்தி இலக்கணம் விளக்கினால் கவனம் ரயிலை விட்டுப் போய்விடும், அடுத்த கேள்விக்குக் கை தூக்கவும் பயப்படுவார்கள்.

பிறகு வேறொரு அட்டவணை, அதே வகைக் கேள்விகள் ஐந்தாறு, ஆளுக்கொரு தாளில். பழைய அட்டவணையையே கொடுத்தால் பலகையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். குழு வேலையைப் பிரபு தவிர்த்தார்: ஒருவர் பிழையை மற்றவர் கேட்டுக்கேட்டு அதுவே நிலைத்துவிடும் என்பது அவர் வாதம். (பின்னால் வந்தவர்கள் பலர் இதை ஏற்கவில்லை.)

மதிப்பெண் விடைக்கு மட்டும், மொழிக்கு அல்ல. வகுப்பில் பாதிப் பேராவது பாதிக் கேள்விகளையாவது சரியாகச் செய்திருந்தால் கடினம் அளவாக இருக்கிறது என்பது பிரபுவின் கணக்கு. அதற்குக் கீழே போனால் மறுநாள் ரயில்களைக் குறையுங்கள். எல்லோரும் எல்லாம் சரியாகச் செய்துவிட்டால், நடுவில் ரயில் மாறவேண்டிய பயணம் ஒன்றைச் சேருங்கள்.

நம் தேர்வுகளில் இலக்கணக் கேள்வி வராமல் போகாது. அதனால், 1990களில் ஆங்கிலக் கற்பித்தல் நூலாசிரியர் ஜேன் வில்லிஸ் முன்வைத்த வரிசைப்படி, வேலை முடிந்தபின் கடைசிப் பத்து நிமிடத்தை மொழிக்கு ஒதுக்குங்கள். தாள்களில் திரும்பத் திரும்ப வந்த பிழைகளில் இரண்டை மட்டும் பலகையில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், யார் எழுதியது என்று சொல்லாமல்.