யூ.பி.யூ-ல இன்ஜினியரிங்: அந்த ‘புராத்தா மெரிட்’ நம்பர எப்படி படிக்கணும், ரயுவான்ல என்ன மாறும்

சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துல இருந்து எழுதுறேன். என் தம்பிக்கு நான்தான் யூ.பி.யூ (மலேசிய அரசு பல்கலைக்கழகங்களுக்கு ஆன்லைன்ல போடுற விண்ணப்பம்) ரொப்பினேன். முதல் சுற்றுல ‘டுக்காசித்தா’னு, அதாவது இடம் கிடைக்கலனு வந்துச்சு, அப்புறம் ரயுவான்ல, அதாவது மேல்முறையீட்டுல, இடம் கிடைச்சுது. இடையில நான் பண்ண தப்ப நீங்க பண்ணக்கூடாதுனுதான் இந்த பதிவு. ஐடி திறக்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடுறேன்.

முதல்ல உங்க மெரிட்ட (ஆள் எடுக்க பாக்குற மொத்த மார்க்க) நீங்களே போடுங்க. எஸ்.டி.பி.எம்-னா (ஆறாம் படிவ தேர்வு) பி.என்.ஜி.கே-வ (4-க்கு எடுத்த சராசரி கிரேட் புள்ளிய) 4-ஆல வகுத்து 90-ஆல பெருக்கி, 10-க்கு எடுத்த கோக்கோ (புறப்பாட நடவடிக்கை) மார்க்க கூட்டணும். தம்பிக்கு 3.50, அது 78.75. கோக்கோ 6. மொத்தம் 84.75. கணக்கு போட்டு தர சைட்ட எல்லாம் நான் நம்புறதில்ல, போன் கால்குலேட்டரே போதும். கோக்கோவ லேசா நினைக்காதீங்க: 3.58 எடுத்து கோக்கோ 7 வாங்கினா 87.55, 3.50-ஓட கோக்கோ 9 வாங்கினா 87.75. நம்ம தோட்டத்து பிள்ளைங்க பஸ் போயிடும்னு சாயங்கால பயிற்சிக்கு நிக்காம ஓடி வந்துடுறாங்க, மார்க் அங்கதான் போகுது.

அடுத்தது இ-பண்டுவான், அதாவது கோர்ஸ் விவரமெல்லாம் இருக்கிற யூ.பி.யூ-வோட ஆன்லைன் வழிகாட்டி. இத போன்ல பாக்காதீங்க, யார்கிட்டயாவது லேப்டாப் வாங்கிக்கோங்க. உங்க பிரிவு எஸ்.டி.பி.எம்-ஆ, மெட்ரிக்குலேஷனா, டிப்ளோமாவானு சரியா தேர்ந்தெடுத்துட்டு கோர்ஸ திறந்தா ‘புராத்தா மார்க்கா மெரிட்’னு ஒரு நம்பர் இருக்கும். நான் சறுக்கினது இங்கதான். ஒரு மெக்கானிக்கல் கோர்ஸுக்கு 86-னு பாத்துட்டு, தம்பிக்கு 84.75 தானே, கிடைக்காதுனு நோட்டுல சிவப்பு பேனாவால அடிச்சிட்டேன். புராத்தானா சராசரி, கடைசி ஆள் எடுத்த மார்க் இல்ல! அஞ்சு பேர் 92, 90, 86, 82, 80 எடுத்து உள்ள போனாலும் சராசரி 86 தான், ஆனா கடைசியா போனவரு 80. தம்பிய விட கம்மியா எடுத்த அவன் கூட்டாளி அதே கோர்ஸ போட்டு உள்ள போனப்பதான் எனக்கு உறைச்சது. அந்த நோட்ட இன்னும் வச்சிருக்கேன்.

அதனால 12 தேர்வையும் முழுசா ரொப்புங்க. என் கணக்கு இதுதான்: மூணு உங்க மெரிட்டுக்கு மேல, ஆறு அத ஒட்டி, மூணு கீழ. வரிசை மட்டும் உங்க ஆசைப்படி இருக்கட்டும். ரிசல்ட் வந்ததும் கெமாஸ்கினி (தேர்வுகள திருத்துற வாய்ப்பு) திறக்கும், அப்ப உண்மை மார்க்க வச்சு திரும்ப ஒருக்கா அடுக்குங்க.

இப்ப ரயுவான். இதுல எல்லா கோர்ஸும் திறக்காது, முதல் சுற்றுல நிரம்பாத இடமும், கிடைச்சும் எடுக்காம விட்டவங்களோட இடமும்தான் வரும். அதிக மெரிட்காரங்க பெரும்பாலும் முதல்லயே உக்காந்துட்டதால, மிச்ச கோர்ஸ்ல கடைசி ஆளோட மார்க் இறங்க வாய்ப்பு இருக்கு. ஆனா எல்லாரும் அடிச்சிக்கிற கோர்ஸ்ல இடமே மிஞ்சலனா அங்க இறங்குறதுக்கு ஒண்ணும் இல்ல. ‘ரயுவான்ல மெரிட் குறையும்’னு பொதுவா சொல்றத அப்படியே நம்பாதீங்க. பாரிட் ராஜா, பெர்லிஸ்னு தூரம் பாக்காம போட்டதாலதான் தம்பிக்கு கிடைச்சுது.

பின்சேர்க்கை: ஒரு தங்கச்சி கேட்டாங்க, ‘கெஜுருத்தெரான்’ (இன்ஜினியரிங்), ‘தெக்னோலொஜி கெஜுருத்தெரான்’ (இன்ஜினியரிங் டெக்னாலஜி) ரெண்டும் ஒண்ணானு. இல்ல மா. யூ.டி.எச்.எம், யூடெம், யூனிமேப் மாதிரி பல்கலைக்கழகங்கள்ல ரெண்டும் இருக்கு, பேரும் பக்கத்து பக்கத்துலயே வரும். லெம்பாகா ஜுருத்தெராவுல (இன்ஜினியர்கள் வாரியம்) கிராஜுவேட் இன்ஜினியரா பதியணும்னா முதல் வகைதான், அதுலயும் இ.ஏ.சி (இன்ஜினியரிங் படிப்புகள அங்கீகரிக்கிற குழு) அங்கீகாரம் இருக்கானு பாருங்க. ரெண்டாவது டெக்னோலஜிஸ்ட் வழி, அதுவும் நல்ல படிப்புதான். அவசரத்துல மாத்தி கிளிக் பண்ணிடாதீங்க.

இன்னொருத்தர் கைல கிடைச்ச ஆஃபர விட்டுட்டு ரயுவானுக்கு காத்திருக்கலாமானு கேட்டாரு. வேணாம் தம்பி, அது இன்ஜினியரிங்கா இருந்தா கடைசி தேதிக்குள்ள ‘தெரிமா’ (ஏத்துக்கிறேன்) அழுத்திடுங்க, பதில் சொல்லாம விட்டா வேணாம்னு எடுத்துக்குவாங்க.