முதலில் எதிர்வீடு, அப்புறம் சங்கம்

சிங்கப்பூருக்கு வந்த கையோடு பலரும் கேட்பது, "நம்ம ஆட்கள் எந்தப் பக்கம் அதிகம்?" என்பதுதான். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் அப்படித் தனிப் பக்கம் அமைவது கடினம். ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு வீடு வாங்கலாம் என்பதற்கு 1989 முதல் உச்சவரம்பு இருக்கிறது. அதனால் உங்கள் வரிசையில் சீனப் பாட்டி, மலாய்க் குடும்பம் என்று கலந்துதான் இருப்பார்கள். முதலில் இவர்களோடு பழகுங்கள். தமிழ் நண்பர்கள் எப்படியும் கிடைத்துவிடுவார்கள்.

லிஃப்டில் பெரியவர்களைப் பார்த்தால் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடுங்கள். எந்த இனத்தவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாலையில் பலரும் கதவைத் திறந்து வைத்து, இரும்புக் கேட்டை மட்டும் பூட்டியிருப்பார்கள். நீங்களும் அப்படியே வைத்துப் பாருங்கள். போகிறவர் வருகிறவர் பேச்சுக் கொடுப்பார்கள்.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுப்பது நல்ல ஆரம்பம். மலாய் வீட்டுக்கு, ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்கி, பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுத்தால் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. சீனப் புத்தாண்டுக்குப் போனால் ஆரஞ்சுப் பழங்களை ஜோடியாக, இரண்டு கையாலும் நீட்டுங்கள். சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே புல்தரையில் மெழுகுவத்தி, ஊதுவத்தி, சோறு, பழம் எல்லாம் வைத்திருப்பார்கள். அது முன்னோருக்கும் ஆவிகளுக்கும் வைத்த படையல். மிதிக்காமல் சுற்றிப் போங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மனஸ்தாபம் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் வரும்: ராத்திரி பத்து மணிக்கு மேல் நாற்காலியை இழுப்பது, உரலில் இடிப்பது, பிழியாத துணியை வெளியே காயப்போட்டுக் கீழ்வீட்டுத் துணியை நனைப்பது. நடைபாதையில் செருப்பு அலமாரி வைத்தாலும் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தீ விபத்தில் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. யாராவது குறை சொன்னால் நேரில் போய்ப் பேசுங்கள். தீரவில்லையா, சமூக சமரச நிலையம் இருக்கிறது.

சரி, தமிழ் வட்டம்? பக்கத்துச் சமூக மன்றத்தில் இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பொங்கல், தீபாவளிக் கொண்டாட்டங்களுக்கு ஆள் தேவைப்படும். விருந்தாளியாகப் போகாமல், நாற்காலி அடுக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள். எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.