குதிரையின் மனதைப் படிப்பவரிடம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கக் கை வைத்ததுமே என் குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொள்ளும். வாலைச் சுழற்றி அடிக்கும். இரண்டாவது துளைக்கு இழுக்கும்போது தலையைத் திருப்பி என் முழங்கையைக் கவ்வப் பார்க்கும். முன்பெல்லாம் அப்படிச் செய்த குதிரையே இல்லை அது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, விலங்கின் மனதைப் படித்துச் சொல்வேன் என்கிற ஒரு அனிமல் கம்யூனிகேட்டருக்கு அதன் போட்டோவை அனுப்பியது. பழைய இடத்தில் கூடவே இருந்த இன்னொரு குதிரையை நினைத்து ஏங்குகிறது, உங்கள் மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்றார். அழுதுவிட்டேன். அடுத்த ஒன்றரை மாதம், நம்பிக்கையை வளர்க்கிறேன் பேர்வழி என்று தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் கால்நடை மருத்துவர் வந்து, ராத்திரி முழுக்க வெறும் வயிற்றில் நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் கிட்டத்தட்ட 3 மீட்டர் நீளமுள்ள கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தால், இரைப்பையில் புண்.

அதனால் முதல் தவறாக என்னுடைய தவறையே சொல்கிறேன். வரிசையை மாற்றிவிட்டேன். குணம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும், மனதை அப்புறம் பார்க்கலாம். குதிரையின் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்க அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில் வயிறு காலியாக இருந்தால் புண் வர அதுவே போதும். பல்லும் அப்படித்தான். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும், தேய்மானம் ஒரே சீராக இருக்காது, ஓரத்தில் கூர்முனை உண்டாகிக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழிக்கும். வாயில் அந்த ரணத்தோடு கடிவாளத்தையும் வாங்கிக்கொண்டு தலையை உதறுகிற குதிரையைப் பார்த்து 'அதற்கு என்மேல் ஏதோ கோபம்' என்று நாம் உருகிக்கொண்டிருப்போம். முதுகு, குளம்பு, பொருந்தாத சேணம் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

தரையைக் காலால் பறண்டுகிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது, சாணம் போடவில்லை என்றால் அது கோலிக் எனும் வயிற்றுவலியாக இருக்கலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த நேரத்தில் மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் போன் போடாதீர்கள். வளர்ந்த குதிரை சும்மா நிற்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, உடல் வெப்பம் ஏறக்குறைய 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தாடை எலும்பின் அடியில் விரலை வைத்துத் துடிப்பை எண்ணப் பழகிவைத்துக்கொண்டால் போனில் சொல்ல உதவும்.

அடுத்த தவறு, கதை முழுவதையும் நாமே முதலில் ஒப்பித்துவிடுவது. பெயர், வயது, எங்கே வாங்கியது, முன்பு யாரிடம் இருந்தது, இப்போது என்ன தொந்தரவு என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு, பழைய இடத்தை நினைத்து ஏங்குகிறது என்று பதில் வந்ததும் 'அதெப்படித் தெரிந்தது?' என்று ஆச்சரியப்படுகிறோம். நான்தானே சொன்னேன்! தமிழில் இதற்குப் போட்டு வாங்குவது என்று அழகான பேரே இருக்கிறது. வலது பக்கம் ஏதோ அசௌகரியம் காட்டுகிறது என்பார். நாம் உடனே, ஆமாம், வலது பின்னங்கால் என்போம். அதேதான், பின்னங்கால் என்பார். கூட ஒருவரை உட்காரவைத்து, எது அவர் சொன்னது, எது நாம் எடுத்துக் கொடுத்தது என்று இரண்டு பத்தியாகக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தி எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

எடுத்துக் கொடுக்காவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்குக் குணநல அறிக்கை என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-ஐத் தாண்டியது. அத்தனை தாளிலும் இருந்தது ஒரே வாசகம். 'உங்கள் குதிரை உணர்ச்சிவசப்பட்டது, ஆனால் வெளியே காட்டாது, உங்களை ரொம்பவே கவனிக்கிறது, ஒரு பழைய காயம் இன்னும் ஆறவில்லை' என்ற வரியை உங்களுக்குத் தெரிந்த பத்துக் குதிரைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். எனக்குப் பத்துக்கும் பொருந்தியது, பக்கத்து லாயத்துக் கோவேறு கழுதை உட்பட.

குதிரை தலையாட்டியதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தமான தவறு, ஏனென்றால் இதன் பின்னால் நல்ல கதை இருக்கிறது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்ற குதிரை வைத்திருந்தார். கூட்டல் கழித்தல் கேட்டால் அது விடையைக் காலால் தட்டிக் காட்டும். 1904-ல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று ஒன்றும் இல்லை என்றே சொன்னது. பிறகு ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர், விடை தெரியாத ஆளைக் கேள்வி கேட்க வைத்தார். ஹான்ஸ் தடுமாறிவிட்டது. கேட்பவர் கண்ணில் படாதபடி மறைத்தாலும் அதே கதை. விடை தெரிந்தவர்கள், தட்டல் சரியான எண்ணை எட்டியதும் தங்களை அறியாமலே தலையை ஒரு மயிரிழை உயர்த்தியிருக்கிறார்கள், குதிரை அதைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறது. இதில் வேடிக்கை, ரகசியத்தைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்டாலேயே தன் தலையசைவை முழுசாக அடக்க முடியவில்லை. குதிரைக்கு மனித உடம்பைப் படிப்பதில் அவ்வளவு கூர்மை. ஆகவே கம்யூனிகேட்டர் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் பேசும்போது குதிரை தலையைத் தாழ்த்துகிறது, வாயை மெல்லுகிறது என்றால், பக்கத்தில் நிற்கும் ஆட்கள் பதற்றமில்லாமல் இருக்கிறார்கள் என்பதற்கு அது பதிலாக இருக்கலாம். அவர் சொன்ன வாக்கியத்தை ஆமோதித்தது என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

சோதித்துப் பார்க்கக் கூச்சப்படுவதும் தவறுதான். நீங்கள் சரிபார்க்கக்கூடிய, அவருக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்றைக் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, குளம்பு சுத்தம் செய்யும்போது எந்தக் காலைத் தர மறுக்கும். குதிரையோடு பேச முடிகிறவருக்கு இது ஒரு விஷயமா? விலங்குகள் அப்படியெல்லாம் விவரம் சொல்லாது, உணர்வைத்தான் சொல்லும் என்று பதில் வந்தால், சரி, அது சரிபார்க்க முடியாத பதில் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதில் நஷ்டம் பெரும்பாலும் பணமும் நேரமும். முடிவெடுக்கும் பொறுப்பை அவர் கையில் கொடுப்பது வேறு ரகம். மருந்தை நிறுத்தச் சொல்கிறது, இந்தத் தீவனம் வேண்டாம் என்கிறது என்ற வாக்கியங்களைக் கேட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மாற்றாதீர்கள். எல்லாவற்றிலும் கனமானது, வயதான, வலியில் இருக்கிற குதிரையைக் கருணைக்கொலை செய்வதா வேண்டாமா என்ற கேள்வி. 'இன்னும் கொஞ்ச நாள் உங்களோடு இருக்க ஆசைப்படுகிறது' என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனால் அந்தக் கொஞ்ச நாளை நிற்கவும் முடியாத காலோடு கழிக்கப்போவது குதிரை. விற்கலாமா, சவாரியை நிறுத்தலாமா என்பதும் இப்படித்தான். நமக்குள்ளே ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும், அதைக் குதிரையின் வாயால் கேட்கவே பணம் கொடுக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதனால் குதிரையிடம் கேட்கவே வழியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நார்வேயில் ஆராய்ச்சியாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள்: போர்வை போடு, போர்வையை எடு, இப்படியே இருக்கட்டும். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், வெயில் நாளில் போர்வை வேண்டாம் என்றும், மழையும் குளிருமான நாளில் வேண்டும் என்றும் குதிரைகள் மூக்கால் தொட்டுச் சொல்லின. வலியைப் படிக்கவும் அளவுகோல் இருக்கிறது. 2014-ல் வந்த குதிரை முகபாவ அளவுகோல் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது, அதில் விறைத்துப் பின்னால் போன காது, சுருங்கிய கண், இறுகிய தாடைத் தசை, விடைத்த நாசி ஆகியவை பழகாத கண்ணுக்குக்கூடப் பிடிபடும். சவாரியின்போது பார்க்க சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர் தொகுத்த 24 நடத்தைகளின் பட்டியல் உண்டு, அதில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் தசை, எலும்பு வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

கம்யூனிகேட்டர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. சிலர் வருடக்கணக்கில் குதிரைகளோடு பழகியவர்கள், அவர்கள் கண்ணில் படுவது நம் கண்ணில் படாமல் போகலாம். அப்படிப்பட்டவர் 'முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டீர்களா?' என்றுதான் கேட்பார். மருத்துவரே வேண்டாம் என்பவரிடமும், முதல் அமர்விலேயே இன்னும் ஐந்து அமர்வு தேவை என்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போயே தீருவேன் என்றால், போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன செய்தது, எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. வார் இறுக்கும்போது பக்கவாட்டில் நின்று ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். என் மருத்துவர் அந்த வீடியோவை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றைப் பார்க்கலாம் என்றார். 28 நாள் மருந்து, எந்நேரமும் எட்டும்படி உலர்ந்த புல், மறுபடியும் குழாய், புண் ஆறியிருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு பல வாரம் இரண்டாவது துளை வந்ததும் தலை திரும்பும். வலி போனாலும் வலிக்கும் என்ற ஞாபகம் போகவில்லை போலும். இப்போது ஒரு துளை இறுக்கிவிட்டு, லாயத்தை ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்து, அப்புறம்தான் அடுத்த துளைக்குப் போகிறேன். முழங்கையைக் கவ்வ வருவது நின்றுவிட்டது, காது மட்டும் இன்னும் என் கை இருக்கும் பக்கமே திரும்பியிருக்கிறது.