குரங்கை ஆளறிந்து படம் எடுக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னிப் பிள்ளைகள் மிருகக்காட்சிசாலை பார்ப்பதென்றால் பெரும்பாலும் தெஹிவளைதான், அதுவும் பாடசாலைச் சுற்றுலாவில். குரங்குக் கூட்டின் முன்னால் நின்று கைபேசியில் படம் படமாக எடுத்துத் தள்ளுவார்கள். ஊருக்கு வந்து திறந்து பார்த்தால், ஒரே குரங்கைத் திரும்பத் திரும்ப எடுத்தோமா, வேறு வேறு குரங்குகளையா என்று யாராலும் சொல்ல முடியாது.

காரணம், மாறுகிறதை அடையாளமாகப் பிடித்துக்கொள்வது. 'பெரியவன்', 'கோபக்காரி', 'மூலையில் இருப்பது' என்பதெல்லாம் அரை மணி நேரம்கூட நிற்காது. கன்னத்தை நம்பினால் இன்னும் மோசம். தலைமயிர் உச்சியிலிருந்து வட்டமாகச் சுழன்று நிற்கும் நம்மூர்க் குரங்குக்குக் கன்னத்துக்குள் பை இருக்கிறது. பழத்தை அதில் அடக்கிக்கொண்டதும் முகம் ஒரு பக்கம் வீங்கியதுபோல் தோன்றும்; தின்று முடித்ததும் அந்த 'வீங்கின முகக்காரன்' காணாமல் போய்விடுவான். கரிய முகமும் சாம்பல் உடலும் உள்ள மந்திக்கு அந்தப் பை இல்லை. நனைந்த மயிர், ஆறுகிற புண் இரண்டையும்கூட நம்ப வேண்டாம்.

நிலைத்திருப்பது எது? என் கணக்கில் முதலிடம் காதுக்கு. விளிம்பில் கிழிசலோ வெட்டோ இருந்தால் அது சாகும்வரை இருக்கும். அடுத்தது வால்: முறிந்து வளைந்ததா, நுனி போனதா? பிறகு விரல் குறைவு, பழைய தழும்பு, முகத்துப் புள்ளிகள். மந்தியில் அல்ல, நம்மூர்க் குரங்கில் வளர்ந்த பெண்களின் முகம் சிவந்திருக்கும். ஆனால் பச்சை இலை நிழலில் அந்தச் சிவப்பு மாறித் தெரியும் என்பதால் நிறத்தைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பொலன்னறுவையில் 1968 முதல் இந்தக் குரங்குகளை ஆராய்ந்துவந்த வொல்ஃப்கேங் டிட்டஸ் ஒவ்வொன்றையும் இத்தகைய இயற்கை அடையாளங்களால்தான் பிரித்தறிந்தார். அவற்றில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, ஆண்கள் வளர்ந்ததும் விலகிப் போவதும் அப்படி ஆளறிந்து தொடர்ந்ததால்தான் தெரியவந்தது.

முகத்தை நேரே மட்டும் எடுப்பது அடுத்த தவறு. அழகான படம் கிடைக்கும், காது விளிம்பு கிடைக்காது. நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம், வால் என்று நான்கும் வேண்டும். வால் மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை.

கூட்டுக் கம்பியின் நிழல் முகத்தில் விழுந்தால் தழும்புபோல் இருக்கும். அடுத்த படத்தில் அது நகர்ந்திருந்தால் நிழல்தான். கண்ணாடிக் கூட்டில் ஃபிளாஷ் போட்டால் உங்கள் ஃபிளாஷ்தான் படத்தில் வரும். விலங்கையும் அது தொந்தரவு செய்யும். மங்கல் வெளிச்சத்தில் கைபேசி படத்தைத் தானாகவே வழவழப்பாக்கிப் புள்ளிகளை அழித்துவிடுவதால் வெயில் விழும் இடத்துக்குக் குரங்கு வரும்வரை காத்திருப்பதே மேல். மந்தியின் கரிய முகத்துக்கு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வைக்காவிட்டால் கண்கூடத் தெரியாது.

பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று கிட்டப் போகிறவர்கள் எங்கும் உண்டு. அது மிரட்டலாகவோ பயமாகவோ இருக்கும். வாயைத் திறந்து உங்களையே உற்றுப் பார்த்தால் இரண்டடி பின்னுக்கு வாருங்கள். கொட்டாவி விடும்போது எடுத்த படம் மட்டும் பெறுமதியானது: கோரைப்பல் உடைந்திருந்தால் அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

பழகிப் பார்க்கத் தெஹிவளைவரை போக வேண்டியதில்லை. குளக்கட்டு மருத மரங்களில் குரங்கும் மந்தியும் உண்டு. தூரத்தில் இருந்து எடுங்கள். பணிஸ் எறிந்து கூப்பிட வேண்டாம். தீனி கண்டால் எல்லாம் முட்டிமோதிக் குனிந்து நிற்கும், ஒரு காதும் ஒழுங்காகத் தெரியாது. நாளைக்கு அதே கூட்டம் உங்கள் வீட்டுத் தென்னையில் நிற்கும்.

படங்களை அன்றிரவே பிரித்து வையுங்கள். எந்தக் காது என்று எழுதும்போது குரங்கின் இடமா உங்கள் இடமா என்று ஒரே முறையைப் பிடியுங்கள். கைபேசியின் முன்பக்கக் கமெராவால் எடுத்தால் சில கைபேசிகள் படத்தை இடம் வலமாக மாற்றிவிடும். அப்படி ஒரு படம் கலந்தால் இடக்காது கிழிந்த குரங்கு உங்கள் கொப்பியில் இரண்டு குரங்காகிவிடும்.