தொட்டியில் கோர்ஜெட்: விதை ஊன்றுவது முதல் காய் பறிப்பது வரை

லண்டன் வந்த புதிதில் இரண்டு வருடம் பீர்க்கங்காய் போட்டுப் பார்த்தேன். கொடி வந்தது, பூவும் வந்தது. பிஞ்சு விரல் நீளம் ஆவதற்குள் செப்டம்பர் வந்து, குளிர் வந்து, எல்லாம் சுருண்டுவிட்டது. நம் ஊர்க் காய்க்கு வேண்டிய நீண்ட வெயில் இங்கே கிடையாது. கோர்ஜெட் அப்படி இல்லை. மே மாதத் தொடக்கத்தில் விதைத்தால் ஜூலையில் காய் பறிக்கலாம். கொல்லை இல்லாவிட்டாலும் வெயில் விழும் ஒரு மூலையும் ஒரு பெரிய தொட்டியும் போதும்.

இந்தியாவில் சுக்கினி என்று விற்பார்களே, அதேதான். அது இத்தாலியப் பெயர், இங்கே பிரெஞ்சுப் பெயர் நிலைத்துவிட்டது. பூசணி வகையைச் சேர்ந்தது என்றாலும் பெரும்பாலான கோர்ஜெட் கொடியாக ஓடாது. ஒரே இடத்தில் புதர் மாதிரி விரிந்து நிற்கும். தொட்டிக்குத் தோதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

எந்த விதை, எத்தனை விதை

தொட்டிக்கு ‘மிட்நைட்’, ‘பேஷியோ ஸ்டார்’ போன்ற அடக்கமான ரகங்கள் நல்லவை. மிட்நைட்டில் முள் மிகக் குறைவு, கை கீறாது. நாலாவது மாடி பால்கனி, தேனீ வருமா என்பது சந்தேகம் என்றால் ‘பார்த்தனான்’ வாங்குங்கள். மகரந்தம் சேராமலேயே காய் பிடிக்கும்.

பாக்கெட்டில் இருக்கிற எல்லா விதையையும் ஊன்றாதீர்கள். நான் முதல் வருடம் எட்டு விதை போட்டேன், எட்டும் முளைத்தன. தெருவில் யாரைப் பார்த்தாலும் “நாற்று வேண்டுமா?” என்று கேட்கும் நிலைமைக்கு வந்தேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு செடி தாராளம். அதற்கு மூன்று விதை போடுங்கள், ஒன்று உபரி. மிச்சத்தை ஈரம் படாமல் வைத்தால் நாலைந்து வருடம் முளைப்புத் திறன் இருக்கும்.

விதைப்பு

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை, வீட்டுக்குள். மார்ச்சில் ஒரு நாள் வெயில் அடித்ததும் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அப்போது போட்டால் வெளிச்சம் போதாமல் நாற்று நெட்டையாக வளர்ந்து, தண்டு துவண்டு சாயும்.

9 சென்டிமீட்டர் தொட்டி போதும். அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பாவும் சரி. கடையில் ‘மல்ட்டி பர்ப்பஸ் கம்போஸ்ட்’ என்று மூட்டையில் இருக்கும். கம்போஸ்ட் என்றதும் நமக்கு மக்கிய குப்பை உரம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது செடி வளர்க்கும் தயார் கலவையின் பெயர், தனியாக மண் சேர்க்கத் தேவையில்லை.

கலவையைத் தளரத் தளர நிரப்பி, லேசாக நனையுங்கள். தட்டையான விதையைப் படுக்க வைக்காமல், காசை விளிம்பில் நிறுத்துவது போல நிறுத்தி, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் செருகுங்கள். படுத்த விதையின் மேல் ஈரம் தேங்கி அழுகலாம் என்பதற்காக இப்படி. மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, 20 டிகிரி போல வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்.

இதைப் போனில் சொன்னபோது அம்மா சிரித்தாள். “ஏண்டி, ஒரு விதைக்கு இவ்வளவு கூத்தா? நான் கழுநீர்த் தொட்டி பக்கம் தூக்கிப் போட்டா பூசணி முளைச்சிட்டுப் போகுது!” உண்மைதான். ஆனால் அவள் ஊர் மண் சூடு இங்கே ஜூன் வரை வராது.

ஒரு வாரத்தில் மண் லேசாக விரிசல் விட்டு, கூன் விழுந்த வெள்ளைத் தண்டு ஒன்று எட்டிப் பார்க்கும். அன்றைக்கே பையை எடுத்துவிட்டு நல்ல வெளிச்சமான ஜன்னலுக்கு மாற்றுங்கள். சில சமயம் விதைத்தோல் குல்லா மாதிரி இலை நுனியில் மாட்டிக்கொண்டிருக்கும். பிய்க்க வேண்டாம். ஈர விரலால் தொட்டு நனைத்துவிட்டால் மறுநாள் தானாகக் கழன்றுவிடும். முதலில் விரியும் இரண்டு தடித்த இலைகள் விதையிலைகள். அப்புறம் வரும் சொரசொரப்பான, விளிம்பு வெட்டுப்பட்ட இலைகள்தான் கோர்ஜெட்டின் சொந்த இலைகள்.

வெளிக்காற்றுக்குப் பழக்குவது

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மூன்று வார உழைப்பு ஒரு ராத்திரியில் போகும். ஜன்னலோரத்தில் சுகமாக வளர்ந்த நாற்று காற்றையும் நேர் வெயிலையும் பார்த்ததே இல்லை. ஒரு வாரம், பத்து நாள், பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுங்கள். முதல் இரண்டு நாள் நிழலில். உறைபனி பட்டால் கோர்ஜெட் செத்தது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் லண்டன் பக்கம் மே கடைசி, ஸ்காட்லாந்து என்றால் ஜூன் நடு என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

பெரிய தொட்டி

45 சென்டிமீட்டர் அகலம், 40 லிட்டர் கொள்ளளவு, ஒரு தொட்டிக்கு ஒரே செடி. இதில் பேரம் பேசாதீர்கள். நான் அழகாக இருக்கிறதே என்று 25 சென்டிமீட்டர் தொட்டியில் ஒன்று வைத்தேன். ஜூலை முழுவதும் மதியம் ஆனால் துவண்டு கிடந்தது. மொத்தம் இரண்டு காய், அதுவும் சுண்டுவிரல் தடிமன்.

தொட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கலவையை நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு அதை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். மக்கிய சாணி உரம் கிடைத்தால் கொஞ்சம் கலக்கலாம். நாற்றை அதன் மண்ணோடு எடுத்து, பழைய ஆழத்திலேயே நட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எதிரி ஒன்றுதான்: ஸ்லக் எனும் ஓடில்லா நத்தை. காலையில் பார்த்தால் இலை இருந்த இடத்தில் காம்பு மட்டும் நிற்கும். முட்டை ஓடு தூவுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் தூவினேன், அதன் மேலேயே ஏறிப் போனது. இரவு பத்து மணிக்கு டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதுதான் எனக்குப் பலித்தது. மருந்துதான் வேண்டும் என்றால் ஃபெர்ரிக் பாஸ்பேட் குருணை வாங்குங்கள். பழைய மெட்டால்டிஹைடு நீலக் குருணைக்கு 2022 முதல் இங்கே தடை. கராஜில் மிச்சம் கிடந்தாலும் போடாதீர்கள்.

தண்ணீர், உரம்

தினமும் ஒருமுறை, இலையில் படாமல் வேரடியில். கடும் வெயில் நாட்களில் இரண்டு முறை. மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் கவலை இல்லை. காலையிலேயே துவண்டிருந்தால் தாகம். முதல் பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் தக்காளிக்கு விற்கும் திரவ உரத்தை பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கலந்து ஊற்றுங்கள்.

இலை நரம்போரமாக வெள்ளி பூசியது போலத் திட்டுகள் தெரிந்தால் பதற வேண்டாம், பல ரகங்களுக்கு அது பிறவி நிறம். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தால்தான் சாம்பல் நோய். ஆகஸ்டில் அது பெரும்பாலும் வரும். வேர் காய்ந்தால் சீக்கிரம் வரும். நோய் பிடித்த அடி இலைகளை வெட்டிவிட்டு, தண்ணீரைத் தவறவிடாமல் பாருங்கள்.

பூ

மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் வைப்போமே, அதே மஞ்சள் பூ. விடியும்போது விரிந்து, மதியத்துக்குள் சுருங்கிவிடும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். “பூக்கிறது, காய்க்கவில்லை” என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவே. ஆண் பூவுக்கு வெறும் மெல்லிய காம்பு. பெண் பூவின் பின்னால் குட்டிக் கோர்ஜெட் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் குட்டி நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகினால் மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூளோடு ஒரு தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடு முனையில் சுற்றித் தடவுங்கள். அரை நிமிட வேலை. மிச்ச ஆண் பூக்களை உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். எங்கள் வீட்டில் காயைவிடப் பூவுக்குத்தான் சண்டை.

பறிப்பது

10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்தில், கத்தியால் காம்போடு வெட்டுங்கள். திருகினால் தண்டே முறியும். வாரத்தில் மூன்று முறையாவது இலைகளை விலக்கிப் பாருங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கை தடிமனுக்கு ஒன்று படுத்திருக்கும். இங்கே அதற்கு மேரோ என்று தனிப் பெயரே உண்டு. அதைச் செடியில் விட்டால் புதுக் காய் பிடிப்பது குறைந்துவிடும்.

தோல் சீவ வேண்டாம். பாசிப்பருப்புக் கூட்டுக்கு அருமை. காயே தண்ணீர் விடும் என்பதால் நீங்கள் ஊற்றாதீர்கள். சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் எறியுங்கள், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பேய்ச்சுரை கசக்குமே, அதே வகை நஞ்சு இது. செடியிலிருந்து எடுத்த விதையை அடுத்த வருடம் போட வேண்டாம் என்பதும் இதனால்தான். பக்கத்து வீட்டு அலங்காரப் பூசணியின் மகரந்தம் சேர்ந்திருந்தால் அதிலிருந்து வரும் செடி கசப்புக் காய் காய்க்கக்கூடும்.

முதல் உறைபனியில் செடி கறுத்துச் சரிந்துவிடும். அதைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கொட்டாமல் வைத்திருங்கள். நான் அக்டோபரில் அதே தொட்டியில் பூண்டுப் பல் ஊன்றிவிடுவேன்.