அட்டாலியில் கிடக்கும் வால்வு டேப் ரெக்கார்டரை மறுபடி பாட வைக்க

அப்புச்சி வீட்டு அட்டாலியிலிருந்து சாக்கு சுற்றிய ஒரு பெட்டியை இறக்குகிறீர்கள். மூடியைத் திறந்தால் ரெண்டு ஸ்பூல், கட்டை கட்டையாகப் பட்டன், நடுவில் சத்தத்தின் அளவைப் பச்சை வெளிச்சத்தில் காட்டும் மேஜிக் ஐ. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். தயவு செய்து செருகாதீர்கள். எனக்கு முதன்முதலில் கிடைத்த மெஷினை நான் அப்படிச் செருகித்தான் கொன்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அழுகின பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. ஏசியை டிசியாக மாற்றும் செலினியம் ரெக்டிஃபையர் எரிந்த புகை அது, விஷம். வால்வும் (உள்ளே எரியும் கண்ணாடிக் குழாய்) கண்டென்சரும் (கரண்டைத் தேக்கி வைக்கும் பாகம்) தேடினால் கிடைத்துவிடும், ஆனால் அன்றைக்கு ரெக்டிஃபையரோடு சேர்ந்து எரிந்துபோன பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று எங்கே போய்த் தேட?

அதற்கப்புறம் ஈரோட்டில் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்ன முதல் பாடம் இது: "ஏனுங் தம்பி, மொதல்ல கையில சுத்திப் பாருங்க. கையில சுத்தாதது கரண்டுல மட்டும் சுத்துமுங்களா?" இன்றைக்கும் என் வேலை அந்த வரிசையில்தான் போகும். முதலில் கை, அப்புறம் கரண்ட், அப்புறம் பழைய குப்பை டேப், கடைசியாகத்தான் வீட்டு டேப்.

பெட்டியைக் கழற்றும்போது மேல்பக்கம் கீழே இருக்கிற மாதிரி கவிழ்க்க வேண்டாம். டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் என்ற மெல்லிய கம்பி வளைந்துவிட்டால் பாட்டு கடைசிவரை அலை அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே குளவிக் கூடு, பல்லி எச்சம், பஞ்சுத் தூசி எல்லாம் இருக்கும், பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன்னும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் திருப்பி மாட்டும்போது கண்ணீர் வராது.

பெல்ட் இருந்தால் பெரும்பாலும் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும், கையில் பட்டால் லேசில் போகாது. பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும், சுரண்டி எடுத்துவிட்டு பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிய ஆயில் விடுங்கள். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிரமமே இல்லை, தெருவுக்குத் தெரு கிடைக்கும் தையல் மெஷின் ஆயில் போதும். ரெண்டாவது சொட்டு விட்டால் அது வழிந்து ரப்பருக்குப் போகும், ரப்பரில் ஆயில் பட்டால் வழுக்கல்தான்.

ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மெஷின்களில் பாதி நோய் அங்கேதான் இருக்கிறது. மோட்டார் தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சக்கரம் இருக்கும், ஐட்லர் என்பார்கள். யாரோ பட்டனை அமுக்கிய நிலையிலேயே வருஷக்கணக்கில் விட்டிருந்தால் தண்டு அழுத்தின இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சக்கரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து விரல் நகத்தை விளிம்பில் மெதுவாக ஓட்டுங்கள், பள்ளம் வந்ததும் நகம் தட்டும். அந்தத் தட்டல்தான் பாட்டில் "தடக் தடக்" என்று கேட்கும். கோயமுத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமா என்ன, அச்சு மெஷின் ரோலருக்கு ரப்பர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புது ரப்பர் ஏற்றிக் கடைந்து தரச் சொல்லுங்கள். ஐட்லர் நடுவில் நின்று சுற்றலைக் கடத்துகிற சக்கரம் மட்டும்தான், அதனால் விட்டம் நூலளவு குறைந்தாலும் வேகம் மாறாது. ஆனால் வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும், அதைப் பட்டறைக்காரரிடம் ரெண்டு தடவை சொல்லுங்கள். டேப்பை கேப்ஸ்டனோடு சேர்த்து அழுத்தும் பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பிடிப்பு வந்துவிடும்.

எல்லாம் கையில் சுலபமாகச் சுற்றுகிறதா? சரி, இனி கரண்ட். இங்கே கவனம். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும். கை வைக்கும் முன் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை இன்சுலேஷன் பிடியோடு கண்டென்சரின் ரெண்டு முனையிலும் சில விநாடி பிடித்து இறக்குங்கள், அப்புறம் மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கரண்ட் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். இதுவரை கரண்ட் வேலை செய்து பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தெரிந்த ஆளை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் கழற்றிவிட்டு 1என்4007 டயோடு போடலாம். டயோடில் வோல்டேஜ் இறக்கம் ரொம்பக் கம்மி, அதனால் தொடரில் ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டுப் பழைய வோல்டேஜுக்கே கொண்டு வர வேண்டும். மெழுகு பூசின பேப்பர் கண்டென்சர்களை ஒன்று விடாமல் மாற்றுங்கள், 630 வோல்ட் பாலியெஸ்டர் வகை போதும். அதிலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகிற கண்டென்சரை மட்டும் நம்பவே கூடாது. அது லேசாகக் கசிந்தாலும் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சிவக்கும், அப்படியே விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துப் பலி வாங்கும். பவர் பகுதியில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குப் பழைய மதிப்பையே போடுங்கள். இஇசட்80 மாதிரி வால்வு ரெக்டிஃபையர் இருந்தால் அதை ஒட்டி வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது.

வால்வுகளைத் தொடாமலே விடலாம், அவை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். குருண்டிக், பிலிப்ஸ் மாதிரி ஐரோப்பிய மெஷின்களில் வரும் இசிசி83, இஎஃப்86, இஎல்84 எல்லாம் இன்றைக்கும் புதிதாகத் தயாராகின்றன.

பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 220இல் இருந்தால் 240க்கு மாற்றுங்கள். முதல் தடவை நேராக பிளக்கில் செருகாமல் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும், ஒரு பல்பு வழியாகவே கரண்டை விடும் சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள், 100 வாட் குண்டு பல்பு, எல்இடி உதவாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

மேஜிக் ஐ பச்சையாக விழித்து, ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் வந்தால், டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காந்தம் நீக்கிவிட்டு ஒரு குப்பை டேப்பைப் போடுங்கள். வேகம் பார்க்க எளிய வழி உண்டு. டேப்பில் 5 மீட்டர் 70 சென்டிமீட்டர் இடைவெளியில் ரெண்டு வெள்ளைப் புள்ளி வையுங்கள். 9.5 வேகத்தில் (விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர்) ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி ஹெட்டைக் கடக்கச் சரியாக ஒரு நிமிஷம் ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அமெரிக்க மெஷின் என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும், மோட்டார் தண்டின் புல்லியை மாற்றாமல் அது தீராது.

இனி வீட்டு டேப். நம் பக்கம் எத்தனை வீட்டில் கல்யாணத்து மங்கள வாழ்த்தும் உடுக்கையடிப் பாட்டும் இப்படிப் பெட்டிக்குள் கிடக்கின்றனவோ. 1965இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் தங்கி அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்டுப் பதிவு செய்ததும் டேப்பில்தான். உங்கள் டேப்பில் இருப்பது உலகில் அந்த ஒரு பிரதிதான் என்று வைத்துக்கொண்டே தொடுங்கள்.

ஸ்பூலை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த டேப். வினிகர் வாடை வந்தால் அது சிதைய ஆரம்பித்துவிட்டது, உடனே பிரதி எடுக்க வேண்டிய டேப் அதுதான். வேகமாகச் சுற்றினால் முறியும், சூடு காட்டவே கூடாது. முறிந்தால் பயப்பட வேண்டாம், அசிடேட் நீளாமல் சுத்தமாக முறியும், ரெண்டு முனையையும் சேர்த்து வைத்து, இதற்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப் ஒட்டினால் ஒரு எழுத்துகூடப் போகாது. சாதாரண செலோ டேப் ஒட்டினால் அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டும் முன் ரெக்கார்ட் பட்டனை ஒரு காகிதத் துண்டு செருகி அமுங்காமல் பூட்டி வையுங்கள். முதல் ஓட்டத்திலேயே பின்பக்க அவுட்புட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள், சில டேப்புகள் இரண்டாவது ஓட்டத்துக்குத் தாங்காது. ஓடி முடிந்ததும் ரீவைண்ட் செய்யாமல் அப்படியே பெட்டியில் வைத்து, மேலே "கடைசி முனை வெளியே" என்று எழுதி வையுங்கள். ஓடின வேகத்தில் சுற்றின சுற்றுதான் டேப்புக்கு ஒரே சீராக இருக்கும். மெஷினின் பட்டனை நிறுத்தத்துக்குக் கொண்டு வந்துவிட்டு மூடியை மூடுங்கள், புது ரப்பரில் மறுபடியும் பள்ளம் விழக் கூடாது.